"யாருக்குமே அக்கறை இல்ல"ன்னு எழுதாதீங்க, அக்கறையா இருக்கறவங்களையும் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை பல வருஷமா படிச்சுட்டு வர்றேன். குப்பையை பிரிச்சு குடுங்கன்னு வீடு வீடா போய் சொல்ற ஒரு சின்ன தன்னார்வலர் குழுவுலயும் இருக்கேன். சமீபத்துல தூய்மைப் பணி பத்தி அரைப் பக்கத்துக்கு செய்தி போட்டிருந்தீங்க, படமும் பெருசா வந்திருந்தது, அதுக்கு மொதல்ல நன்றி. இந்த மாதிரி வேலைக்கு பேப்பர்ல அரைப் பக்கம் கிடைக்கறது சாதாரண விஷயம் இல்லன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா அந்தச் செய்தியோட தலைப்பும் முதல் பத்தியும் படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. மக்களுக்கு பொறுப்பே இல்ல, எல்லாரும் கண்ட இடத்துல கொட்டறாங்க, எத்தனை தடவை சொன்னாலும் யாரும் திருந்தறதில்லங்கற தொனியிலேயே மொத்த செய்தியும் போயிட்டு இருந்தது. எழுதினவர் நல்ல எண்ணத்துல தான் எழுதியிருப்பார், படிக்கறவங்களுக்கு உறைக்கட்டும்னு தான் நினைச்சிருப்பார், அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. ஆனா இப்படி எழுதினா உறைக்காது சார், உல்டாவா தான் வேலை செய்யும். இதை நான் கோவத்துல சொல்லலை, இதை சோதிச்சே பார்த்திருக்காங்க.

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல ஒரு தேசியப் பூங்கா இருக்கு, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மண்ணுக்குள்ள புதைஞ்சு கல்லாவே மாறிப்போன மரத்துண்டுங்க அங்க தரையெல்லாம் கிடக்கும். பார்க்க வர்றவங்க சின்னச் சின்ன துண்டா எடுத்து பையில போட்டுட்டு போயிடுவாங்க, ஆளுக்கு ஒண்ணு தானேன்னு. இதைத் தடுக்க என்ன எழுதி வெச்சா பலிக்கும்னு ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் பாதை ஓரமா அடையாளம் வெச்ச துண்டுகளைப் போட்டு, அறிவிப்புப் பலகையை மாத்தி மாத்தி வெச்சு பார்த்தாங்க. ஒரு பலகையில, இதுக்கு முன்னாடி வந்தவங்க நிறைய பேர் எடுத்துட்டுப் போனதால பூங்காவோட நிலைமையே மாறிப்போச்சுன்னு எழுதியிருந்தது. இன்னொண்ணுல, தயவுசெஞ்சு எடுக்காதீங்கன்னு மட்டும். எடுக்காதீங்கன்னு சொன்ன பலகை இருந்தப்போ 1.67 சதவீதம் துண்டுங்க காணாமப் போச்சு. நிறைய பேர் எடுத்துட்டாங்கன்னு வருத்தமா சொன்ன பலகை இருந்தப்போ 7.92 சதவீதம். பலகையே இல்லாதப்போ போனதை விட இது ஜாஸ்தி. அதாவது வருத்தப்பட்டு எழுதின அந்தப் பலகையை வெக்காமலே இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

ஏன் இப்படின்னு யோசிச்சா புரியாத விஷயம் இல்ல. "எல்லாரும் பண்றாங்க, ரொம்ப தப்பு"ன்னு நாம சொல்றப்போ, ரொம்ப தப்புங்கறது காதுல விழறதுக்கு முன்னாடி எல்லாரும் பண்றாங்கங்கறது விழுந்துடும். நாலு பேர் எப்படி நடந்துக்கறாங்களோ அப்படியே நடந்துக்கறது நம்ம எல்லாருக்கும் உள்ள குணம். தெரியாத இடத்துக்குப் போனா செருப்பை எங்க கழட்டறாங்கன்னு பார்த்துட்டு தானே நாமளும் கழட்டறோம், யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அதே சியால்டினி குழு 1990-ல வெளியிட்ட இன்னொரு ஆய்வும் எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்தது. கார் நிறுத்துற இடத்துல ஒவ்வொரு கார் கண்ணாடியிலயும் ஒரு துண்டு பேப்பரை சொருகி வெச்சிட்டு, வண்டிக்காரங்க அதை என்ன பண்றாங்கன்னு பார்த்திருக்காங்க. இடம் சுத்தமா இருந்தப்போ 14 சதவீதம் பேர் கீழ போட்டாங்க, ஏற்கனவே குப்பையா கிடந்தப்போ 32 சதவீதம். அவங்க கண்ணு முன்னாடி ஒருத்தர் வேணும்னே பேப்பரை கீழ போட்டுட்டு போற மாதிரியும் நடிக்க வெச்சிருக்காங்க. குப்பையான இடத்துல அதைப் பார்த்தவங்கள்ல பாதிக்கும் மேல, 54 சதவீதம் பேர், தாங்களும் போட்டாங்க. சுத்தமான இடத்துல அதே ஆள் போட்டதைப் பார்த்தவங்க? 6 சதவீதம் தான். சுத்தமான இடத்துல ஒருத்தர் போட்டது தப்புன்னு பளிச்சுனு தெரிஞ்சிருக்கு, குப்பையில போட்டது இங்க இதான் வழக்கம் போலன்னு ஆயிடுச்சு. ஆளுங்க ஒரே மாதிரி ஆளுங்க தான், இடம் தான் வேற. இதனால தான் நாங்க ஒரு தெருவுல பேசப் போறதுக்கு முன்னாடி அந்த தெருமுனையில இருக்கற குப்பைமேட்டை மொதல்ல எடுத்துட்டு அப்புறம் தான் கதவைத் தட்டறது. மேட்டை அப்படியே விட்டுட்டு பத்து நோட்டீஸ் குடுத்தாலும் அந்த மேடு அதுக்கு எதிர்ப்பேச்சு பேசிக்கிட்டே இருக்கும்.

பெரிய பெரிய பிரச்சாரங்களே இதுல வழுக்கியிருக்கு. 1971-ல அமெரிக்க டிவியில ஒரு விளம்பரம் வந்தது, அந்த நாட்டுப் பூர்வகுடி வேஷத்துல ஒருத்தர் குப்பை மிதக்கற ஆத்துல படகு ஓட்டிட்டு வந்து ரோட்டோரமா நிப்பார், போற கார்லேர்ந்து யாரோ ஒரு குப்பைப் பொட்டலத்தை அவர் கால்கிட்ட வீசுவாங்க, அவர் கண்ணுல ஒரு சொட்டு கண்ணீர் இறங்கும். ரொம்பப் பேர் வாங்கின விளம்பரம். ஆனா அதுல கண்ணுக்குத் தெரியறது என்ன, ஊரே குப்பை போடுது, ஒருத்தர் மட்டும் அழறார். அதை தயாரிச்ச அமைப்பு 1953-ல ஆரம்பிச்சப்போ பின்னாடி நின்னது பாட்டில், டின், பேக்கிங் கம்பெனிங்க தான், அந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். இதுக்கு நேர்மாறா 1986-ல டெக்சாஸ் மாநிலத்துல நெடுஞ்சாலைக் குப்பையைக் குறைக்க ஒரு பிரச்சாரம் பண்ணாங்க. யார் அதிகமா வீசறாங்கன்னு மொதல்ல பார்த்து, வண்டி ஓட்டற இளவட்டப் பசங்க தான்னு தெரிஞ்சதும், அவங்களைத் திட்டாம, எங்க டெக்சாஸ் மேல கை வெக்காதேங்கற மாதிரி கெத்தா ஒரு வாசகத்தை, அவங்க கொண்டாடற விளையாட்டு வீரர்களையும் பாடகர்களையும் வெச்சு சொன்னாங்க. நாலஞ்சு வருஷத்துல ரோட்டோரக் குப்பை 70 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதா அந்த மாநிலத்துக் கணக்கு.

எல்லாருக்கும் இப்படி டிவி விளம்பரம் எடுக்க முடியுமா, முடியாது. தன்னார்வலர்கள்கிட்ட இருக்கறது வேற ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரங்கங்கற உறவு. அதோட பலம் என்னன்னு வெளியில இருக்கறவங்களுக்கு அவ்வளவா தெரியறதில்ல, பல சமயம் தன்னார்வலர்களுக்கே தெரியறதில்ல. கலிபோர்னியாவுல 800-க்கும் மேற்பட்ட வீடுகள்ல, நீங்க ஏன் கரண்ட்டை மிச்சம் பிடிக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க, அந்த ஆய்வு 2008-ல வந்தது. சுற்றுச்சூழலுக்காகன்னு சொன்னாங்க, சமூகத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க, பணம் மிச்சமாகும்னு சொன்னாங்க, அக்கம்பக்கத்துல பண்றாங்கன்னு நாங்களும் பண்றோம்ங்கறதை கடைசியா தான் சொன்னாங்க. ஆனா அவங்க நிஜமா எவ்வளவு மிச்சம் பிடிக்கறாங்கங்கறதோட எது அதிகமா ஒத்துப்போகுதுன்னு பார்த்தா, அக்கம்பக்கத்துல எத்தனை பேர் மிச்சம் பிடிக்கறாங்கன்னு அவங்க நம்பறாங்களோ அது தான். அப்படின்னா மனுஷனுக்கே தெரியாம அவனை அசைக்கறது பக்கத்து வீடு. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல, ஹோட்டல் ரூம்ல துண்டை தினமும் துவைக்கப் போடாம திரும்பவும் உபயோகிங்கன்னு வெக்கற அட்டையில, சுற்றுச்சூழலைக் காப்போம்னு எழுதினப்போ 37 சதவீதம் பேர் கேட்டாங்க, இதே ரூம்ல தங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க அப்படி தான் பண்ணாங்கன்னு எழுதினப்போ 49 சதவீதம். முன்னப்பின்ன தெரியாத, முன்னாடி தங்கிட்டுப் போன ஆள் சொன்னாலே இவ்வளவு வித்தியாசம்னா, தினம் முகம் பார்க்கற பக்கத்து வீட்டு அக்கா சொன்னா எப்படி இருக்கும்.

அதையும் ஒருத்தர் அளந்து பார்த்திருக்காங்க. ஷான் பர்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1991-ல வெளியிட்டது. மறுசுழற்சிக்கு பொருளை எடுத்து வெக்காத வீடுங்களா பார்த்து, சில தெருவுல ஏற்கனவே எடுத்து வெச்சுட்டு இருக்கற ஒருத்தரையே தெருப் பொறுப்பாளரா வெச்சு, அவங்க போய் நேர்ல பேசி பையைக் குடுத்துட்டு வந்தாங்க. சில தெருவுல நோட்டீஸ் மட்டும். சில தெருவுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் வாரா வாரம் எத்தனை வீட்டு வாசல்ல பை வந்ததுன்னு எண்ணினா, நேர்ல பேசின தெருவுல 28 சதவீதம், நோட்டீஸ் தெருவுல 12, ஒண்ணும் பண்ணாத தெருவுல 3. நோட்டீஸ் அடிக்கற செலவை எடுத்து மூணு அக்காக்களுக்கு டீ வாங்கிக் குடுத்தா போதும்னு எங்க குழுவுல அடிக்கடி சொல்லிக்குவோம்.

நேர்ல பேசறதுன்னா என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா பேப்பர்ல இது வர்றதே இல்ல. கதவைத் தட்டினதும் பூமி, பருவநிலை, கடல் ஆமைன்னு ஆரம்பிச்சா மூஞ்சியிலயே கதவைச் சாத்திடுவாங்க, சாத்தறது நியாயமும் கூட, அடுப்புல ஏதாவது இருக்கும், குழந்தை அழுதுட்டு இருக்கும். அதனால "அம்மா, ரெண்டே நிமிஷம், உங்க குப்பைக் கூடையைக் காட்டறீங்களா"ன்னு கேப்போம். கொஞ்சம் கூச்சப்பட்டுட்டே கொண்டு வருவாங்க. பேப்பரை விரிச்சு அவங்க முன்னாடியே கொட்டுவோம். மீந்து போன சாப்பாடு, காய்கறித் தோல், பால் கவர், டப்பா, சுருட்டி வெச்ச நாப்கின், சில சமயம் உடைஞ்ச கண்ணாடி டம்ளர். பால் கவர் நல்ல கவர், கழுவிக் காய வெச்சா எடுத்துக்க ஆள் இருக்கு, ஆனா அது மேல குழம்பு கொட்டினதுனால அது இப்போ யாருக்கும் வேண்டாத பொருளா ஆயிடுச்சு. தோலும் சாப்பாடும் தனியா இருந்திருந்தா உரமாகியிருக்கும், பிளாஸ்டிக்கோட சேர்ந்து குப்பைக்கிடங்குல காத்து போகாம புதைஞ்சா அதுலேர்ந்து மீத்தேன் வரும், இருபது வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்சைடை விட எண்பது மடங்கு சூட்டைப் பிடிச்சு வெக்கற வாயு அது. இவ்வளவையும் நாங்க சொல்லணும்னு கூட அவசியமில்ல. அந்த உடைஞ்ச டம்ளரை மட்டும் எடுத்துக் காட்டி, நாளைக்கு காலையில தூய்மைப் பணியாளர் அக்கா இதைக் கையால தான் பிரிப்பாங்கன்னு சொன்னா போதும். பல வீட்டுல அந்த இடத்துலயே பேச்சு நின்னுடும். ஒரு அம்மா உடனே உள்ள போய் பழைய வாளி ஒண்ணை எடுத்துட்டு வந்து "இதுல எது போடணும் சொல்லு தம்பி"ன்னு கேட்டாங்க. பருவநிலை மாற்றம் பத்தி நாங்க ஒரு வார்த்தை கூட பேசியிருக்கல.

வாளியை எடுத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா அது பெரிய தப்புக் கணக்கு. மொதல் வாரம் எல்லாரும் பிரிப்பாங்க. ரெண்டாவது வாரம் சந்தேகம் வரும், டீ பேக் எதுல, முட்டை ஓடு எதுல, உள்ள வெள்ளியா மினுக்கற சிப்ஸ் கவர் எதுலன்னு. அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல அப்போ ஆள் இல்லன்னா மூணாவது வாரம் ரெண்டு வாளியும் ஒண்ணாயிடும். அதனால திரும்பத் திரும்ப போகணும், போறப்போ குறை சொல்லாம போகணும். உங்க தெருவுல இத்தனை வீடு பிரிச்சுக் குடுக்கறாங்கன்னு சொல்லலாம், ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கலிபோர்னியாவுல சான் மார்கோஸ்ங்கற ஊர்ல, உங்க ஏரியாவுல சராசரியா இவ்வளவு கரண்ட் செலவாகுது, நீங்க இவ்வளவுன்னு வாசக்கதவுல அட்டை மாட்டினப்போ, அதிகமா செலவு பண்ணவங்க குறைச்சாங்க சரி, ஏற்கனவே கம்மியா செலவு பண்ணிட்டு இருந்தவங்க சராசரியைப் பார்த்துட்டு கூட்டிட்டாங்க! இன்னொரு பிரிவு வீடுகள்ல, கம்மியா செலவு பண்றவங்க அட்டையில ஒரு சிரிச்ச முகமும் சேர்த்து வரைஞ்சாங்க, அங்க அப்படி கூட்டறது நடக்கல. நல்லது பண்றவங்களுக்கு நல்லது பண்றீங்கன்னு சொல்லணும், அவ்வளவு தான் அந்த சிரிச்ச முகத்தோட வேலை. நாங்க முகம் எல்லாம் வரையறதில்ல, பேர் சொல்லி நன்றி சொல்லிட்டு வர்றோம்.

அப்புறம் எந்த வாசல்ல போய் நின்னாலும் வர்ற ஒரு கேள்வி. "நாங்க பிரிச்சுக் குடுத்தா மட்டும் என்ன தம்பி, வண்டியில ஒண்ணா தானே கொட்டறாங்க?" இதுக்கு மழுப்பலா பதில் சொன்னா அந்த வீட்டை அதோட மறந்துட வேண்டியது தான். எங்களுக்கும் இது நடந்தது. ஒரு தெரு முழுக்க பிரிச்சுக் குடுத்ததை வண்டியில ஒரே பெட்டியில கொட்டறதை அந்த வீட்டுக்காரங்களே மாடியிலேர்ந்து பார்த்துட்டாங்க. ஒரே காலையில எங்க மேல இருந்த மொத்த நம்பிக்கையும் போச்சு. வண்டிக்காரர் மேல தப்பு இல்ல, அவருக்கு குடுத்த வண்டியில தடுப்பே கிடையாது, சாயந்திரத்துக்குள்ள இத்தனை நடை அடிக்கணும்னு கட்டாயம் வேற. சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு போட்டோவோட எழுதிப் போட்டு, பதில் வரலைன்னு திரும்பத் திரும்ப நேர்ல போய் உக்காந்து, கடைசியில ஒரு தடுப்பு வெச்ச வண்டி வந்தது. அது வந்த அன்னிக்கு நாங்க பண்ண மொத வேலை, கோவிச்சுட்டு நிறுத்தின வீடுங்களை எல்லாம் கூப்பிட்டு அந்த வண்டியைக் கிட்ட வந்து பாருங்கன்னு காட்டினது.

இது எங்க கதை மட்டும் இல்ல. மும்பையில வெர்சோவா கடற்கரையை அஃப்ரோஸ் ஷாங்கற வக்கீல் 2015-ல ஒரு வயசான பக்கத்து வீட்டுக்காரரோட சேர்ந்து ரெண்டே பேரா சுத்தம் பண்ண ஆரம்பிச்சு, அப்புறம் ஆயிரக்கணக்கானவங்க வாரா வாரம் வந்து சேர்ந்தாங்க, 2016-ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட விருதும் அவருக்கு வந்தது. அப்பேர்ப்பட்ட இயக்கமே 2017 நவம்பர்ல ஒரு கட்டத்துல நிறுத்தறோம்னு அறிவிக்க வேண்டியதாயிடுச்சு, தன்னார்வலர்களை மிரட்டினாங்கங்கறது ஒரு காரணம், அள்ளிக் குவிச்ச குப்பையை எடுத்துட்டுப் போக வண்டி வரலைங்கறது இன்னொரு காரணம். அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாங்க. 2018 மார்ச்ல அந்தக் கரையில ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுங்க கடலுக்குப் போறதைப் பார்த்தாங்கன்னு உலகம் பூரா செய்தி வந்தது. ஆமைக் குஞ்சு செய்தி வந்த அளவுக்கு வண்டி வராத செய்தி வரலைன்னு தான் எனக்கு ஞாபகம், ஆனா தன்னார்வலர்களுக்கு ரொம்பத் தேவைப்பட்டது அந்த ரெண்டாவது செய்தி தான்.

இங்க இன்னொரு வாதம் இருக்கு, அதையும் தள்ளிவிட முடியாது. தயாரிக்கற கம்பெனியைக் கேக்காம அள்ளறவனையும் போடறவனையும் மட்டும் ஏன் பேசறீங்கன்னு சின்னப் பசங்க எங்ககிட்டயே கேக்கறாங்க. நியாயமான கேள்வி. அந்த கண்ணீர் விளம்பரத்துக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு முன்னாடியே சொன்னேன். தூக்கிப் போடற பாட்டிலை சந்தைக்கு கொண்டு வந்துட்டு, போடறவன் தான் குற்றவாளின்னு சொல்றது வசதியான ஏற்பாடு. தன்னார்வலர்கள் வெறுமனே அள்ளிட்டுப் போனா அந்த ஏற்பாட்டுக்கு நாமளும் துணை போற மாதிரி தான் ஆகும். அதுக்கு மருந்து, எண்ணறது. 1986-ல டெக்சாஸ் கடற்கரையில லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரான்னு ரெண்டு பெண்கள் 2,800 தன்னார்வலர்களைக் கூட்டி சுத்தம் பண்ணப்போ, அள்ளினது மட்டும் இல்ல, ஒவ்வொரு பொருளையும் அட்டையில குறிச்சு வெக்கச் சொன்னாங்க. அது தான் இன்னிக்கு பல நாட்டுல நடக்கற சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணி. அந்த அட்டை இருந்ததால தான் எந்தப் பொருள் எத்தனைன்னு உலகத்துக்கே ஒரு கணக்கு கிடைச்சுது. பல வருஷமா அந்தப் பட்டியல்ல முதல் இடம் சிகரெட் துண்டுக்கு. பஞ்சு மாதிரி இருக்கறதால மக்கிடும்னு நினைச்சு மண்ணுல அமுக்கிட்டு போறாங்க, அந்த பில்டர் செல்லுலோஸ் அசிடேட்ங்கற பிளாஸ்டிக் சார். குனிஞ்சு மணலை விரலால அளைஞ்சு ஒவ்வொண்ணா எடுக்கற வேலை அது, மூட்டைக் கணக்குல ஒண்ணுமே தெரியாது, அட்டையில எண்ணினா தான் அதோட அளவு புரியும். இப்போ பல குழுக்கள் எந்த பிராண்டு கவர் எத்தனைன்னு வரைக்கும் எண்ணறாங்க. அந்த எண்ணிக்கை கையில இருந்தா தான் கம்பெனியைப் பார்த்தும் அரசாங்கத்தைப் பார்த்தும் பேச வாய் வரும். அயர்லாந்துல 2002-ல பிளாஸ்டிக் பைக்கு வரி போட்டதும் பை உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல விழுந்துடுச்சு, இதை எந்தத் தன்னார்வலராலயும் வாசல்ல நின்னு சாதிச்சிருக்க முடியாது, நான் ஒத்துக்கறேன். ஆனா அப்புறம் அங்க கையில பிளாஸ்டிக் பையோட நடந்தாலே மத்தவங்க ஒரு மாதிரி பார்க்கற நிலைமையும் வந்ததா சொல்றாங்க, அந்தப் பார்வையை எந்தச் சட்டத்துலயும் எழுத முடியாது. ரெண்டும் வேணும்.

எண்ணறதுலயும் திட்டம் போடறதுலயும் எஸ்டோனியாக்காரங்களை மிஞ்ச முடியாது. மொத்த நாடே 13 லட்சம் பேர் தான். 2008 மே 3-ம் தேதி 50,000 பேர் இறங்கி அஞ்சு மணி நேரத்துல 10,000 டன் குப்பையை எடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா தன்னார்வலர்கள் காடு மேடெல்லாம் சுத்தி, திருட்டுத்தனமா கொட்டின இடங்களை போட்டோ எடுத்து, 10,000-க்கும் மேல வரைபடத்துல குறிச்சு வெச்சது தான் அசல் வேலை. அங்க ஆரம்பிச்சது தான் வளர்ந்து, 2018-ல முதல் உலகத் தூய்மை நாளாச்சு, 2023 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையே செப்டம்பர் 20-ஐ அந்த நாளா அறிவிச்சுடுச்சு.

தன்னார்வலர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், உங்க பேப்பரை அவங்களும் படிப்பாங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல 58 ஊர்கள்ல வீட்டுக்கூரையில சோலார் போடச் சொல்லி உள்ளூர் தன்னார்வலர்கள் பிரச்சாரம் பண்ணாங்க, 2018-ல வந்த ஆய்வுல பார்த்தா, தன் வீட்டுலயே அந்தத் திட்டத்துல சோலார் போட்டிருந்தவங்க, போடாம பேசினவங்களை விட 62.8 சதவீதம் அதிகமா ஆள் சேர்த்திருக்காங்க. பேச்சுத் திறமை இதுல ரெண்டாம் பட்சம். தான் போடாத ஒண்ணை அடுத்தவங்களை போடச் சொன்னா, அப்போ இவருக்கே நம்பிக்கை இல்ல போலன்னு தான் எதிர்ல இருக்கறவங்களுக்குத் தோணும். விழிப்புணர்வுக் கூட்டத்துல மேடையிலயே பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை வரிசையா வெச்சுட்டு, கீழ இருக்கற மாணவர்களை உறுதிமொழி எடுக்கச் சொல்றதைப் பார்க்கறப்போ எனக்கு வயிறு எரியுது, பசங்க கண்ணு முதல்ல அந்த பாட்டில் மேல தான் போகும். வெச்சவங்க கெட்டவங்க இல்ல, யாரும் எடுத்துச் சொல்லலை, அவ்வளவு தான். இனிமே நிகழ்ச்சிக்கு கூப்பிடறப்போவே குடமும் டம்ளரும் வைங்கன்னு கேட்டு வாங்குங்க.

மரம் நடற விஷயமும் இதே தான். கென்யாவுல வங்காரி மாத்தாய் 1977-ல ஆரம்பிச்ச பசுமைப் பட்டை இயக்கத்துல பெண்களுக்கு கன்னு நட்டதுக்குப் பணம் இல்ல, நட்ட கன்னு பிழைச்சு நின்னா தான் ஒரு சின்னத் தொகை. அந்த ஒரு விதியால அவங்க கன்னை நட்டுட்டுப் போகாம தண்ணி ஊத்தி, ஆடு கடிக்காம வேலி கட்டி காப்பாத்தினாங்க. கோடிக்கணக்குல மரம் வந்தது, 2004-ல அவருக்கு நோபல் அமைதிப் பரிசும் வந்தது. நம்ம பக்கம் நட்ட அன்னிக்கு தான் படம் வருது. ஒரே குழியில வருஷா வருஷம் புதுக் கன்னு நடறாங்கன்னு யாராவது போய்ப் பார்த்தா தானே தெரியும்.

அதனால நான் உங்ககிட்ட கேக்கறது பெரிய விஷயம் இல்ல. அடுத்த செப்டம்பர் 20 வந்தா கண்டிப்பா படம் போடுங்க, கூட்டமா மக்கள் இறங்கி வேலை செய்யற படம் வந்தா அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவாங்க. தலைப்புல மட்டும், யாரும் திருந்தலைன்னு போடறதுக்குப் பதிலா எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை வீடு பிரிக்குதுன்னு நிஜமா இருக்கற கணக்கைப் போடுங்க. இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்லலை. மோசமா இருக்கற இடத்தைப் பத்தி எழுதறப்போ, எல்லாரும்னு பொதுவா எழுதாம, எந்த இடம், எந்த வண்டி வரலை, எந்த ஆபீஸ் பதில் சொல்லலைன்னு குறிப்பா எழுதுங்க, அப்படி எழுதினா சம்பந்தப்பட்டவங்க பதில் சொல்லித் தான் ஆகணும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு, ஒரு விசேஷமும் இல்லாத சாதாரண நாள்ல காலையில குப்பை வண்டி வர்ற நேரத்துக்கு நிருபரை ஒரு தெருவுக்கு அனுப்புங்க. எங்க எண்ணிக்கை அட்டைகளை எல்லாம் தர்றோம், அதை அப்படியே நம்ப வேண்டாம், வாசல் வாசலா அவரே வந்து சரிபார்க்கட்டும். பேச நிறைய பேர் தயாரா இருக்காங்க, படமும் பேரும் போடறதுக்கு முன்னாடி மட்டும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
வீடு வீடா போற ஒரு தன்னார்வலர்